வில்லுக்காரனின் நிரை

என்னுடைய போன் எப்போதும் இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் இருக்கும். உள்ளே பாண் வாங்கிய பை, வெளியே சீனி வாங்கிய பை. இரண்டையும் ரப்பர் வளையத்தால் கட்டி, இடுப்பில் சுற்றியிருக்கும் சாக்குப் படங்குக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போவேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அரை மணிக்கொரு தடவை அதைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். நனைந்துவிட்டதா, விழுந்துவிட்டதா, அட்டை புகுந்துவிட்டதா. போனுக்குள் அட்டை புகாது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் தொட்டுப் பார்ப்பேன்.

நான் அப்படிப்பட்ட ஆள். அடுப்பில் கொள்ளி மிச்சம் இருக்கிறதோ என்று பாதி வழியில் திரும்பி வருவேன். பஸ்ஸில் போனால் இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று ஹோல்ட் முன்னாலேயே எழுந்து நின்றுகொள்வேன். ஓப்பநாயக்கவில் கடைக்குப் போனால் மிச்சக் காசை வாங்கி, வாசலில் நின்று ஒரு தடவை, ரோட்டைத் தாண்டி ஒரு தடவை எண்ணிப் பார்ப்பேன். முப்பத்தொரு வயதில் இதையெல்லாம் மாற்றிக்கொள்ள முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

அந்த விளையாட்டு என்னிடம் வந்தது தற்செயலாக. அண்ணன் கொழும்பில் ஹாட்வேர் கடையில் வேலை செய்கிறார். புதுப் போன் வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார். “அதுல ஒரு கேம் கெடக்கு. அழிச்சிடு, எடத்த புடிக்கும்” என்றார். அழிக்கிறதற்கு முன்னால், அழித்தால் போனில் வேறு ஏதாவது சேர்ந்து அழிந்துவிடுமோ என்று பயந்து, அது என்னவென்று ஒரு தடவை திறந்து பார்த்தேன். அதோடு மூன்று வருடம் போய்விட்டது.

திறந்ததும் ஒரு கல் பாலம். பாலத்தைச் சுற்றி மிஸ்ட். ஐந்து பேர் நிற்பார்கள். அவர்களில் நீ யார் என்று கேட்கும். வாள் வைத்திருப்பவர், வில் வைத்திருப்பவர், மந்திரக்கோல் வைத்திருப்பவர், ஆள் உயரக் கேடயம் வைத்திருப்பவர். கடைசியில் வெள்ளை உடுப்போடு ஒரு பெண், கையில் சின்ன மணி. அவள் யாரையும் அடிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அடிபட்டு வந்தால் மணியை ஆட்ட வேண்டும். வெளிச்சம் ஒன்று அவர்கள் மேல் இறங்கும். தலைக்கு மேலே தேய்ந்துபோன சிவப்புக் கோடு மறுபடியும் நிறையும். மற்ற நான்கு பேரும் சண்டைக்குப் போக வேண்டியவர்கள். நான் மணிக்காரி ஆனேன்.

அந்த விளையாட்டில் நல்லது என்று சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. முதலாவது, அந்த உலகத்தின் படம். ஆரம்பத்தில் முழுப் படமும் புகை மூடிக் கிடக்கும். நடந்து போன இடம் மட்டும்தான் திறக்கும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அப்பா மலையில் விழுந்து காலை முறித்துக்கொண்ட வருடம், வீட்டிலிருந்து யாராவது தோட்டத்து வேலைக்குப் பேர் போட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படத்தைக் கொடுத்து ஆறுகளைக் குறிக்கச் சொன்னால், களு கங்கையைத் தவிர மற்றதையெல்லாம் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் குறிப்பேன். இந்த உலகத்தில் எந்த ஆறு எந்தக் காட்டில் தொடங்கி எந்தச் சேற்றில் முடிகிறதென்று என்னைக் கேட்கலாம். எல்லாம் நடந்து திறந்தது. எந்த வகுப்பு வரை படித்தாய் என்று அங்கே வழியில் யாரும் மறித்துக் கேட்டதில்லை.

இரண்டாவது, அங்கே விழலாம். மலை உச்சியிலிருந்து கால் தவறினால், கடைசியாகக் கும்பிட்ட கல் விளக்குக்குப் பக்கத்தில் கண் விழித்து எழுந்துவிடலாம். எங்கள் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதிகாரிகள் வந்து அளந்து சிவப்பு பெயின்ட்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அரநாயக்கவில் மலை சரிந்து ஆட்கள் புதைந்ததற்குப் பிறகு, மழை விடாமல் பெய்தால் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பள்ளிக்கூடத் தரையில் உட்கார்ந்து, பாறைக்குப் பாறை தாவும் மணிக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வரும்.

குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. அவளுடைய பைக்கு ஓர் எடை உண்டு. அதற்கு மேல் ஒரு வேர் வைத்தாலும் அவள் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடப்பாள். எனக்கோ எதையும் எறிய மனம் வராது. நாளைக்குத் தேவைப்பட்டால்? மருந்துக் குப்பிகள் நூற்றுக்கு மேல் சேர்ந்திருக்கும். ஒன்றைக்கூட உடைக்க மாட்டேன். இன்னும் பெரிய கஷ்டம் ஏதாவது வரும், அதற்கு வைத்துக்கொள்வோம் என்று வைத்துக்கொள்வேன். பெரிய கஷ்டம் வரும்போது பதற்றத்தில் குப்பி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியாது, செத்துப்போவோம். ராஜாக்களும் சூனியக்காரிகளும் இங்கிலீஷில் ஒரு பக்கம் பேசுவார்கள். எழுத்துக்கூட்டிப் படித்து அலுத்து, தாண்டிப் போகும் பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இரண்டு நாள் அலைவேன். மாதத்துக்கு ஒரு தடவை புதுசாக எதையாவது இறக்கச் சொல்லி டேட்டாவை விழுங்கிவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய எரிச்சல், அங்கேயும் பறிக்கச் சொல்வார்கள். காய்ச்சல் பச்சிலை இருபது, நீல வேர் முப்பது. அண்ணி ஒருநாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார். அண்ணி இருப்பது லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில். அண்ணன் கொழும்பிலேயே கிடப்பதால் எங்களோடு மலைக்கு வருவார், கொழுந்து பறிக்கிற நிரையும் எனக்குப் பக்கத்தில் வாங்கிக்கொள்வார்.

“என்னாடி இது? பகல் பூரா கொழுந்து, வந்து குந்தி அதுலயும் கொழுந்தா?”

“மருந்து எலை அண்ணி.”

“அங்க கணக்கப்புள்ள யாரு? நிறுக்குறப்ப ஈரத்துக்குன்னு எத்தன கிலோ வெட்டுறான்?”

“வெட்ட மாட்டாங்க.”

“அப்போ நானும் அங்கயே வாறேன். என் பேரையும் போட்டுக்க.”

ஓர் இடத்துக்கு மேல் தனியாகப் போக முடியாது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு வேண்டும். அப்படிச் சேர்ந்ததுதான் எங்கள் குழு. கேடயக்காரர் தலைவர், இரத்தினபுரியில் மாணிக்கக் கல் பட்டை தீட்டுகிறவர். பலாங்கொடைப் பக்கத்திலிருந்து ஒரு வில்லுக்காரன், வாய்க்காரன். வாளும் மந்திரக்கோலும் அதிகம் பேசாதவர்கள். எல்லோரும் சிங்களவர்கள். இங்கிலீஷ் எழுத்தில் சிங்களம் எழுதுவார்கள். கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பழகிய சிங்களம் என்னிடம் இருந்தது, அதனால் எனக்கு அது சிரமமாக இல்லை. அவர்கள் எழுதியதை நான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

பேசிக்கொண்டே விளையாடலாம் என்று முதல் நாளே கூப்பிட்டார்கள். மைக் உடைந்துவிட்டது என்று எழுதினேன். எந்த ஊர் என்றார்கள். இரத்தினபுரி டவுன். என்ன வேலை? ஆபீஸ். மூன்று பொய், மூன்று நிமிடத்தில். யாரும் கழுத்தைப் பிடித்துக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். பெண் என்றும் சொல்லவில்லை. அவர்கள் என்னை மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், நானும் திருத்தவில்லை. அதற்குப் பிறகு பொய்யைப் பராமரிக்கிற வேலை என்மேல் விழுந்தது. ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடும்? போயா பௌர்ணமிக்கு லீவா? சொன்னதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கூட வைத்திருந்தேன்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், ஒரு நாள் விளையாட்டுக்குள் சந்தைவெளியில் வேறொரு குழு முட்டி மோதிக்கொண்டு கடைக்குள் புகுந்தது. வில்லுக்காரன் எழுதினான்: “பாரு, தோட்டத்து ஆளுங்க பஸ் ஏறுற மாதிரி.” எல்லோரும் சிரிக்கிற முகம் போட்டார்கள். கேடயக்காரரும் போட்டார்.

நானும் போட்டேன்.

அன்றைக்குக் காலையில்தான் நான் கையில் ஒரு மரவள்ளிக்கிழங்குப் பையோடு அந்த மாதிரி ஒரு பஸ்ஸில் ஏறி, ஒரு காலில் நின்று வந்திருந்தேன். அந்த நேரத்துக்கு ஒரு பஸ்தான். முட்டாமல் ஏறினால் ஏற முடியாது. இதை எழுதலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை.

அப்படியும் அந்தக் குழுவை விட எனக்கு முடியவில்லை. மாலை ஆறு மணிக்கு நான் உள்ளே வந்தால், “மல்லி வந்துட்டான், இனிப் பயமில்ல” என்று கேடயக்காரர் எழுதுவார். என்னை வைத்து ஒருவர் பயமில்லை என்று சொல்வது வாழ்க்கையில் எனக்கு அதுவரை நடந்ததில்லை. சின்னக் கீறலுக்கும் மணியை ஆட்டிச் சக்தியைத் தீர்த்துவிடுவேன், திட்டு வாங்குவேன். குப்பிகளைச் சேர்த்து வைப்பதைப் பார்த்து, “மல்லி பாமசி தொறக்கப் போறான்” என்பார்கள். இருந்தாலும் ஆறு மணிக்கு அந்த ஒரு வரி வந்துவிடும்.

பிறகு கருங்கதவு வந்தது. அதற்குப் பின்னால் இருக்கிற பூதம் ஓர் அடியில் இரண்டு பேரைச் சாய்க்கும். சாய்ந்தவரை எழுப்ப என் மணியால் முடியாது. அதற்கு வேறொரு மணி இருக்கிறது, எழுப்பும் மணி. பதினொரு தடவை முயன்று பதினொரு தடவையும் எல்லோரும் செத்தோம். பன்னிரண்டாவது நாள் கேடயக்காரர் எனக்கு மட்டும் தனியாக எழுதினார்.

“மல்லி, ஒன்கிட்ட மறைக்க விருப்பமில்ல. கலைஞ்சு போன ஒரு குழுவிலேருந்து ஒரு மணிக்காரர் வந்து கேக்குறார். அவருகிட்ட எழுப்பும் மணி இருக்கு. வெண்பூப் பள்ளத்தாக்குல இந்த மாசம் மட்டும் அந்த மணியக் குடுக்குறாங்க. நாம எடுத்துட்டா நீதான். எடுக்கலேன்னா அவரச் சேக்கணும். அஞ்சு பேருக்குத்தான் எடம்.”

நேர்மையான மனிதர். அதனால் கோபப்படவும் வழியில்லை. அன்றிலிருந்து மலையில் நிரைக்கு நடுவில் நின்று, கை தானாகப் பறிக்க, மனம் ஐந்து, ஐந்து, ஐந்து என்று எண்ணிக்கொண்டிருந்தது.

வெண்பூப் பள்ளத்தாக்கு ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும், மாலை நான்கிலிருந்து ஐந்து வரை. அந்த ஒரு மணி நேரத்தில் குழுவாகச் சேர்ந்து ஐந்நூறு பூ பறிக்க வேண்டும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து உச்சி வரை வரிசை வரிசையாகப் பூ. முதல் ஞாயிறு எல்லோரும் கண்ட பக்கம் ஓடினார்கள். ஒருவர் பறிக்கப் போன பூவை இன்னொருவர் பறித்து, நடுவில் கிடந்த பூவை யாரும் பார்க்காமல், முந்நூறு கூடத் தேறவில்லை. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. நம் மலையில் புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைகள்கூட இப்படி மேய மாட்டார்கள்.

எங்கள் வேலையில் காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்ததும், கங்காணி ஆளுக்கொரு நிரை காட்டுவார். இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவில் இருக்கிற அந்தப் பாதை அன்றைக்கு உன்னுடையது. அடியில் பிடித்து மேலே ஏற வேண்டும். இரண்டு பக்கமும் கை எட்டுகிற கொழுந்து உனக்கு. அடுத்த நிரையில் கை வைக்கக் கூடாது. பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர ஒருத்தி இறங்கினால், அவள் நிரை அப்படியே நிற்கும். இளங்கொழுந்து கண்ணுக்கு முன்னால் ஆடினாலும் நிற்கும். கை வைத்தவளோடு மற்றவர்கள் ஒரு வாரம் பேச மாட்டார்கள். இதை எனக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித் தரவில்லை. இடுப்பில் படங்கைக் கட்டிய முதல் நாளே தெரிந்துவிடுகிற விஷயம் அது.

பயந்து பயந்து குழுவில் எழுதினேன்: ஆளுக்கு ஒரு வரிசை. அடியிலிருந்து மேலே. யாரும் தாவக் கூடாது. அடுத்தவர் வரிசையில் கை வைக்கக் கூடாது.

இரண்டாம் ஞாயிறு நானூற்றுத் தொண்ணூறு. பத்துப் பூதான் குறை. கேடயக்காரருக்கு நம்ப முடியவில்லை.

“மல்லி, எங்கடா கத்துக்கிட்ட இத?”

“ஆபீஸ்ல” என்று எழுதினேன்.

“என்ன மாதிரி ஆபீஸ்டா அது” என்று வில்லுக்காரன் கேட்டான். சிரிக்கிற முகம் போட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு. மாதத்தின் கடைசி ஞாயிறும் அதுதான். எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். மேலே கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மூன்று கோடு. ஞாயிறில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மூன்று மணிக்கே போய் தராசுக் கொக்கிக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்தேன். மூன்றரைக்கு மழை பிடித்தது. விறகு பொறுக்கப் போன அண்ணி தலையில் கட்டோடு ஓடிவந்து ஒதுங்கினார்.

“இங்கயும் அதே தானா?”

“அண்ணி, இன்னிக்கு ஒரு மணி நேரம் மட்டும் என்கிட்ட பேசாதீங்க.”

“யாரு பேசுனா” என்று விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நான்கு மணி. கதவு திறந்ததும் வாய் தானாகப் பொலி, பொலி என்றது. மலையில் முதல் பிடி கொழுந்தைக் கூடையில் போடும்போது சொல்கிற சொல். வில்லுக்காரனுக்கு என் இடது பக்கத்து நிரை. அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஐந்து பேரும் அடியிலிருந்து ஒரே கோட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். இவ்வளவு நேரம் நான் பயப்படாமல் இருந்ததே இல்லை.

நான்கு முப்பத்தைந்துக்கு வில்லுக்காரன் நின்றான். காலைத் தூக்கியபடி, பூவுக்கு நீட்டிய கையோடு. பிறகு மறைந்தான். அவனுடைய பேர் சாம்பல் நிறமாகிவிட்டது. மழையில் அங்கே ஏதோ போயிருக்க வேண்டும், கரண்டோ சிக்னலோ. அவனுடைய நிரை பாதிக்கு மேல் அப்படியே பூத்து நின்றது.

நான் என் நிரையை முடித்தேன். ஐந்து மணிக்கு இன்னும் ஏழு நிமிடம். எல்லோர் கணக்கும் சேர்த்து நானூற்று அறுபது. வில்லுக்காரன் நிரையில் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் மட்டும் அறுபது பூவுக்கு மேல் இருக்கும். அந்தப் பக்கம் ஓநாய் இரண்டு வந்தன. அவன் நிரைக்குள் அவை போகாமல் குறுக்கே நின்று மறித்தேன். அவன் வருவான், வந்து எடுப்பான். மற்ற மூன்று பேரும் தூரத்தில் தங்கள் நிரையில் இருந்தார்கள்.

கேடயக்காரர் எழுதினார். “மல்லி, அவன் நிரைய நீ எடு.”

படித்தேன்.

“மல்லி, எடு எடு.”

அதையும் படித்தேன். மணிக்காரி ஓநாய்க்கும் பூவுக்கும் நடுவில் நின்றாள். என் கட்டைவிரல் கண்ணாடிக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றது. அது இறங்கவில்லை. இரண்டு நிமிடம். ஒரு நிமிடம். கதவு மூடியது. நானூற்று எழுபத்திரண்டு.

கொஞ்ச நேரம் கழித்துக் கேடயக்காரர் ஒரு சொல் மட்டும் எழுதினார். ஏன்?

பதில் எழுதி எழுதி அழித்தேன். போன் ஸ்டக் ஆகிவிட்டது என்று எழுதினேன், அழித்தேன். மெசேஜைப் பார்க்கவில்லை என்று எழுதினேன், அழித்தேன். பிறகு போனைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டேன். அண்ணி என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். பள்ளத்தாக்கில் நடந்ததைச் சொன்னேன்.

“அடுத்தவ நிரையில கைய வைக்கலாமா? நீ செஞ்சது சரிதான்” என்றார். விறகுக்கட்டை நகர்த்திப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இரு. ஒருத்தி மேலுக்கு முடியாம எறங்கிப் போய்ட்டா அந்த நிரைய என்னா செய்றோம்?”

“கங்காணி பக்கத்து ஆளுக்குக் குடுப்பாரு.”

“ஒங்க கங்காணி குடுத்தாரா இல்லியா?”

“குடுத்தாரு. ரெண்டு தரம் சொன்னாரு.”

“அப்பறம் என்னாத்துக்கு மரம் மாதிரி நின்ன?”

அண்ணியிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. விரல் நின்றதற்கு நிரை மட்டும் காரணமில்லை. கேடயக்காரர் எடு என்று எழுதிய உடனே என் மண்டைக்குள் கேட்டது வில்லுக்காரனின் அந்த பஸ் கதை. நான் அவன் பூவில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது அவன் திரும்பி வந்தால்? பாரு, முட்டிக்கிட்டு வந்து எடுக்கிறான் என்பான். அவனுக்கு நான் யாரென்றே தெரியாது. ஆனாலும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பூவில் கை வைத்த உடனே என் லயம், என் படங்கு, நான் ஒற்றைக் காலில் நின்று வந்த பஸ் எல்லாம் அந்தக் கண்ணாடியில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நிரைப் பழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பகல் சாப்பாட்டுக்கு விட்டபோது மடுவத்தில் உட்கார்ந்து எழுதினேன். ரொட்டி கையிலேயே இருந்தது. சிங்களத்தில், எனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில், குழுவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதினேன்.

நான் மல்லி இல்லை. அக்கா. டவுனில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறேன். ஆபீஸ் இல்லை, கொழுந்து எடுக்கிறேன். எங்கள் வேலையில் இன்னொருவர் நிரையைத் தொட மாட்டோம். ஆனால் தலைவர் சொன்னால் தொடலாம், அவர் சொன்னார், நான் பயந்து நின்றுவிட்டேன். தோட்டத்து ஆட்கள் பஸ் ஏறுகிற கதைக்கு நானும் அன்றைக்குச் சிரித்தேன். எங்களுக்கு அந்த நேரத்துக்கு ஒரு பஸ்தான். மன்னிக்கவும்.

கடைசிச் சொல்லை எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. அழிக்கலாம் என்று நினைக்கும்போதே கங்காணி விசில் ஊதிவிட்டார், விரல் பட்டு அனுப்பிவிட்டேன். அன்று பின்னேரம் முழுக்கப் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நனைந்ததா என்று பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் பதில் வந்தது. கேடயக்காரர்.

“சரி அக்கே. இப்ப வெளங்குது. முன்னமே சொல்லியிருக்கலாம். அந்த மணிக்காரருக்கு ஞாயித்துக்கெழமையே வாக்குக் குடுத்துட்டேன், மாத்த முடியாது. கருங்கதவுக்கு அவர்தான். ஆனா பள்ளத்தாக்குக்கு ஆறு பேர் போகலாம். மருந்துக்கு வெண்பூ எப்பவும் வேணும். ஞாயித்துக்கெழமைல நீங்க வந்து நிரை பிரிச்சுத் தருவீங்களா?”

அவ்வளவு நாளும் ‘நீ’ என்றவர் ‘நீங்க’ என்று எழுதியிருந்தார். அது மரியாதையா, தூரமா? மூன்று நாள் அதையே யோசித்தேன்.

வில்லுக்காரனும் எழுதினான், தனியாக. “என் நிரைய எடுத்திருக்கலாமே அக்கே. நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்.” அதற்குக் கீழே அவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டும் மூன்று புள்ளி ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதிலிருந்து அவன் குழுவில் பஸ் என்ற சொல்லையே எழுதியதில்லை. பஸ்ஸில் வந்து லேட் ஆனாலும், ரோட்டில் லேட் என்றுதான் எழுதுகிறான்.

அண்ணியிடம் சொன்னேன்.

“பாத்தியா. தோட்டத்துக்காரின்னு தெரிஞ்ச ஒடனே கொழுந்தெடுக்க மட்டும் கூப்புடுறானுங்க.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் நினைத்துப் பயந்ததையே அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

“போக வேணாம்ங்கிறீங்களா?”

“யாரு அப்பிடிச் சொன்னா? போ. கொழுந்தெடுக்குறவளா போகாத, கங்காணியா போ. நிரை நீ காட்டுறதுதான், ஏன் எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கப்படாதுன்னு சொல்லிட்டுப் போ.”

சனிக்கிழமை வரை இழுத்தடித்து, அதை அப்படியே எழுதாமல் கொஞ்சம் தணித்து எழுதினேன். இரண்டு விதி சேர்த்தேன். ஒருவர் விழுந்தாலோ மறைந்தாலோ அரை நிமிடம் நிரை நிற்கும். அதற்குப் பிறகு யார் எடுப்பதென்று நான் சொல்வேன். எடுத்த பூவில் பாதியை நிரைக்குச் சொந்தக்காரர் பையில் போட வேண்டும். கேடயக்காரர் கட்டைவிரல் போட்டார். புது மணிக்காரரும் போட்டார். அவர்கள் இப்போது ஆறு மணிக்குக் கருங்கதவில் நிற்பார்கள், நான் இல்லாமல். “இனிப் பயமில்ல” என்று கேடயக்காரர் இன்னொருவருக்கு எழுதுவார். அந்த நேரத்தில் அடுப்பில் சோறு வைத்துவிட்டு, நெருப்பு அணைந்துவிட்டதா என்று தேவைக்கு மேல் குனிந்து பார்க்கிறேன்.

ஞாயிறு நான்கு மணிக்கு மடுவத்தில் உட்கார்ந்தேன். போனில் சார்ஜ் முப்பத்தாறு. வழியில் வைத்தும் இரண்டு தடவை பார்த்தேன், முப்பத்தெட்டு, முப்பத்தேழு. ஆறு பேருக்கும் நிரை காட்டினேன். வில்லுக்காரனுக்கு என் இடது பக்கத்தைத்தான் கொடுத்தேன். பொலி என்று சொல்லி ஏறத் தொடங்கினோம்.

இருபது நிமிடத்தில் அவன் மறுபடியும் நின்றான். நீட்டிய கை அப்படியே. பேர் சாம்பல் நிறமானது. எடு என்று இந்தத் தடவை கேடயக்காரர் எழுதவில்லை. என் வார்த்தைக்காக மற்ற நான்கு பேரும் காத்து நின்றார்கள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. இருபத்தொன்பது, முப்பது என்று எண்ணினேன்.

‘நான் எடுக்கிறேன்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அவன் நிரைக்குள் கையை வைத்தேன். முதல் பூ அவன் பைக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது அவன் பைக்கு.